ஒரே இதழில் கதையும் ஊர்ச்செய்தியும் வந்தால் தலைப்பு எப்படி வைப்பது?

கல்முனைப் பக்கம் வாசகர் வட்டமொன்று மாத இதழ் போடுகிறது, கதைக்கும் செய்திக்கும் தலைப்பு வைப்பதும் பக்கத்தில் அமைப்பதும் எப்படி என்பது கேள்வி.

செய்தித் தலைப்பு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். கதைத் தலைப்பு அதைச் சொல்லிவிடக் கூடாது.

நம் பக்கத்தில் அதிகம் பார்க்கிற தலைப்பு இது: 'வெள்ளத்தினால் பாதிக்கப்பட்ட மக்களுக்கு நிவாரணப் பொருட்கள் வழங்கிவைக்கப்பட்டன'. எங்கே, எத்தனை பேருக்கு, என்ன பொருள், ஒன்றும் இல்லை. 'வாகரையில் 120 குடும்பங்களுக்கு உலர் உணவுப் பொதி' என்றால் அதே ஆறு சொல்லில் எல்லாம் வந்துவிடும். வாசகர் இந்தப் பக்கத்தவரே என்பதால் 'மட்டக்களப்பில்', 'அம்பாறையில்' என்று மாவட்டப் பெயரோடு தொடங்குவது வீண். வாகரை, களுவாஞ்சிக்குடி, பொத்துவில் என்று ஊரைப் போடுங்கள். மட்டக்களப்பு நகரத்துச் செய்தியின் தலைப்பு ஒரு பத்தியின் (column) அகலத்துக்குள் அடங்காவிட்டால் 'மட்டு.' என்று புள்ளியோடு சுருக்கலாம்.

சுருக்கும்போது வினைமுற்றை வெட்டலாம், வேற்றுமை உருபை யோசித்துத்தான் வெட்ட வேண்டும். 'மீனவர் தாக்குதல்' என்றால் அடித்தவர் மீனவரா, அடிபட்டவர் மீனவரா? 'மீனவர் மீது தாக்குதல்' என்றே போடுங்கள். 'கொள்ளையர் கைது' என்பது வழக்குக்கு முன்னரே தீர்ப்பு எழுதுவது. 'கொள்ளைச் சந்தேகநபர் கைது' நீளம்தான், ஆனாலும் அதுவே நியாயம். தலைப்பின் முடிவில் முற்றுப்புள்ளி வேண்டாம். ஆச்சரியக்குறியும் வேண்டாம், செய்திக்கு வலு இருந்தால் அது தேவைப்படாது.

கதைக்கு 'தியாகம்', 'விதி', 'கண்ணீர்' போன்றவை எந்தக் கதைக்கும் பொருந்தும், அதனாலேயே எதற்கும் பொருந்தாது. கதைக்குள் இருக்கிற ஒரு பொருளையோ ஆளையோ எடுங்கள். 'வட்டை விதானையின் சைக்கிள்' (வட்டை விதானை வயல்வெளியை மேற்பார்க்கிறவர்) என்றால் வயற்காரருக்கு ஆள் தெரியும். அந்தச் சைக்கிளுக்கு என்ன நடந்தது என்று வாசிக்கத் தோன்றும். முடிவைத் தலைப்பில் வைத்துவிட்டால் கதையை வாசிப்பதற்கு என்ன மிச்சம்? கதையை முடித்த பிறகே தலைப்பைத் தேர்வது நல்லது.

இனி அமைப்பு. உடல் எழுத்து (செய்தியும் கதையும் ஓடுகிற எழுத்து) 11 பொயின்ட் என்றால் முதன்மைத் தலைப்பு 36, துணைத் தலைப்பு 18 போதும். இரண்டு வரித் தலைப்பில் வரி இடைவெளியை எழுத்தளவின் 120 சதவீதத்துக்குக் கீழே குறைக்காதீர்கள். மேல்வரியின் 'ழு', 'ளூ' போன்றவற்றின் கீழ்க்கோடு கீழ்வரியின் 'கி', 'மீ' மேல் வளைவில் முட்டும். வரியைப் பொருள் பார்த்து முறியுங்கள்: 'உன்னிச்சைக் குளத்தின்' ஒரு வரி, 'வான்கதவுகள் திறப்பு' அடுத்த வரி. 'உணவுப்' என்று ஒற்றில் முடிகிற சொல்லை வரிக் கடைசியில் தொங்க விடாதீர்கள், 'பொதி'யோடு சேர்த்தே வையுங்கள். தானாகச் சொல் முறிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். எழுத்துகளுக்கு இடையே இடைவெளி கூட்டினால் 'கொ' மூன்று துண்டாகத் தெரியலாம். தமிழ் எழுத்தைச் சரித்துப் போடுவது அழகில்லை. கதைப் பெயரைக் கட்டுரைக்குள் குறிக்க ஒற்றை மேற்கோள் போதும்.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை யுனிகோடுக்கு மாற்றினால் தலைப்பை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். 'ர' வர வேண்டிய இடத்தில் 'ா' வந்திருக்கலாம், 'ா' வர வேண்டிய இடத்தில் 'ர' வந்திருக்கலாம். பக்க அமைப்பு மென்பொருளான இன்டிசைனில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போனால் பந்தி அமைப்பில் 'வேர்ல்ட்-ரெடி கம்போசர்' தெரிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அச்சகத்துக்குப் பிடிஎஃப் அனுப்பும்போது எழுத்துருவை உள்ளடக்கியே அனுப்புங்கள்.