மதியம் ஒன்றரை முதல் மாலை ஆறு வரை

கேள்வி: டீச்சர், நான் பினாங்கு மாநிலத்துப் பிறை நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். கணவர் லோரி ஓட்டுநர். வாரத்தில் நான்கு நாள் வெளியூர்தான். மகன் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். பள்ளி வேன் ஒன்றரைக்குப் பிளாட்டில் இறக்கிவிடும். நான் வீடு வந்து சேர ஆறாகிவிடும். பக்கத்து வீட்டு ஆன்ட்டி அவ்வப்போது எட்டிப் பார்ப்பார். மாமியார் வேலையை விடச் சொல்கிறார். தோழியோ ஐந்து நாளும் டியூஷனில் போடு என்கிறாள். பள்ளியில் மாலையில் சிலம்பமும் சதுரங்கமும் சொல்லித் தருகிறார்களாம். நான் என்ன செய்வது?
– ஒரு தாய், பிறை

பதில்: வேலையை விடாதீர்கள் தங்கச்சி. இரண்டு சம்பளத்தில் ஓடும் குடும்பம் அது. ஒன்று நின்றால் அதன் இழுபறி முதலில் பிள்ளையின் சாப்பாட்டிலும் பள்ளிச் செலவிலும்தான் தெரியும்.

ஆனால் எட்டு வயதுப் பிள்ளை நாலரை மணி நேரம் தனியாக இருப்பது கூடவே கூடாது. ஆன்ட்டி எட்டிப் பார்ப்பதும் ஒருவர் கூட இருந்து பார்த்துக்கொள்வதும் ஒன்றல்ல. பிள்ளையைத் தகுந்த கவனிப்பில்லாமல் விட்டுச் செல்வது மலேசியாவின் 2001-ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் 33-ஆம் பிரிவின்படி குற்றம். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இந்த மாதமே ஒரு ஏற்பாடு செய்துவிடுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

முப்பத்தொரு வருடம் இந்த மாநிலத்துத் தமிழ்ப்பள்ளிகளில் இருந்தவள் நான். மூன்றாம் ஆண்டு வகுப்பில் எனக்கொரு மாணவன். வீட்டுப் பாடம் செய்யவே மாட்டான், பத்து மணிக்கே மேசையில் தலை சாய்த்துவிடுவான். எத்தனையோ நாள் திட்டியிருக்கிறேன். ஒரு நாள் கூட்டம் முடிந்து நாலு மணிக்குக் கிளம்பும்போது, பள்ளிக் காவலாளியின் ஜாகா குடிசைப் படியில் அவனைப் பார்த்தேன். பையை மடியில் வைத்துக்கொண்டு, மேகி பாக்கெட்டைக் கையால் நொறுக்கி, மசாலாத் தூளைக் கொட்டிக் குலுக்கி, பச்சையாகத் தின்றுகொண்டிருந்தான். அதுதான் அவனுக்கு மதியச் சாப்பாடு. அக்காள் வந்து கூட்டிப்போக ஐந்தரை ஆகுமாம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம் மூன்று ஆசிரியைகள் சேர்ந்து தலைமையாசிரியரிடம் பேசினோம். பெற்றோர் ஆசிரியர் சங்கம் கொஞ்சம் பணம் கொடுத்தது, கேண்டீன் அக்கா சோறும் சாம்பாரும் எடுத்து வைத்தார். பதினாறு பிள்ளைகள் பள்ளி விட்டதும் எங்களோடு தங்கினார்கள். முதல் முக்கால் மணி நேரம் புத்தகத்தைத் தொடக் கூடாது என்று வைத்துக்கொண்டோம். சாப்பிடுவார்கள், முகம் கழுவுவார்கள், சிலர் பாயை விரித்து அப்படியே தூங்கிவிடுவார்கள். பிறகுதான் வீட்டுப் பாடம், அதற்கப்புறம் திடலில் விளையாட்டு. அந்தப் பையன் முதல் மாணவனாக வந்துவிடவில்லை. ஆனால் வகுப்பில் தூங்குவதை விட்டான், கேட்டால் பதில் சொன்னான்.

அதனால்தான் ஐந்து நாள் டியூஷன் வேண்டவே வேண்டாம் என்கிறேன். காலை ஏழரையிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளையை மறுபடியும் பெஞ்சில் உட்கார வைப்பதா? ஆறாம் ஆண்டில் எழுதும் யு.பி.எஸ்.ஆர். அரசுத் தேர்வை 2021-இலேயே எடுத்துவிட்டார்கள். அந்தப் பயம் மட்டும் நம் வீடுகளை விட்டுப் போகவில்லை. சிலம்பத்தில் சேருங்கள். உடம்பும் அசையும், பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பெரியவர் ஒருவரும் கிடைப்பார்.

சிலம்பம் இல்லாத நாளுக்கு டிரான்சிட், அதாவது பள்ளி விட்டபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் நிலையம், பாருங்கள். நான்கு பேரோ அதற்கு மேலோ, தினம் மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரம் மூன்று நாளாவது பார்த்துக்கொள்ளும் இடம் 1993-ஆம் ஆண்டுப் பராமரிப்பு நிலையச் சட்டத்தின்படி சமூகநலத் துறையில் பதிந்திருக்க வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். பகல் மூன்று மணிக்குச் சொல்லாமல் ஒரு முறை போய்ப் பாருங்கள். அடுப்பில் என்ன இருக்கிறது, பிள்ளைகள் எங்கே படுக்கிறார்கள், உங்களைத் தவிர வேறு யாராவது வந்து கேட்டால் பிள்ளையை அனுப்பிவிடுவார்களா, இதெல்லாம் தெரிந்துகொள்ளுங்கள்.

அதற்கு முன்பே பள்ளியில் மாணவர் நலத்தைக் கவனிக்கும் துணைத் தலைமையாசிரியரைப் பாருங்கள். வீட்டு நிலையைச் சொல்லுங்கள். ஆர்.எம்.தி. என்ற கூடுதல் உணவுத் திட்டம் 1979-இலிருந்து இருக்கிறது. வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே சாப்பாடு கிடைக்கும். ஆனால் அது காலைப் பசியாறும் வேளைக்கு. மதியத்துக்குத் தனி ஏற்பாடு வேண்டும். பெயர் கொடுக்க வெட்கப்பட்ட தாய்மாரை நிறையப் பார்த்திருக்கிறேன். அது நம் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய சாப்பாடு, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்று. 2023 ஜனவரியிலிருந்து வேலை நேரத்தை மாற்றித் தரும்படி முதலாளியிடம் எழுத்தில் கேட்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. 60 நாளுக்குள் அவர் எழுத்தில் பதில் தர வேண்டும். முடியாது என்றால் காரணமும் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரம் முன்னதாக ஆரம்பித்து முன்னதாக முடிக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்களேன். மனது ரொம்பப் பாரமான ராத்திரியில் 15999-க்கு அழையுங்கள். அது 'தாலியான் காசே' என்ற அரசு உதவித் தொலைபேசி, எந்த நேரமும் ஆள் இருப்பார்கள்.

கேள்வி: பேத்தி நான்காம் ஆண்டு. பள்ளி விட்டதும் என்னிடம்தான் இருக்கிறாள். நான் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். மலாய், ஆங்கில வீட்டுப் பாடம் எனக்கு ஓடாது. நான் அவளுக்கு எப்படி உதவுவது?
– ஒரு தாத்தா, நிபோங் திபால்

பதில்: ஐயா, நீங்கள் வீட்டில் இருப்பதே அவளுக்குப் பெரிய உதவி. பாடம் சொல்லித் தர வேண்டாம். அவள் சத்தமாகப் படிக்கட்டும், நீங்கள் கேளுங்கள். நடுவில் நிறுத்தி, "இது என்ன பாப்பா, தாத்தாவுக்குச் சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்கு விளக்கிச் சொல்லும்போதே அவளுக்கு மனதில் பதிந்துவிடும். புரியாத கணக்கைப் பென்சிலால் வட்டம் போட்டு மறுநாள் ஆசிரியரிடம் காட்டச் சொல்லுங்கள். சனிக்கிழமை மகனுக்கு ஓய்வு இருந்தால் செபராங் ஜெயா பொது நூலகத்துக்கு மூவரும் போய்வாருங்கள். மற்ற நாளில் நாலு மணிக்குக் கொய்யாவை வெட்டி, அசம்போய் என்ற புளிப்புத் தூள் தூவித் தட்டில் வையுங்கள். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தானாக வந்து உங்கள் பக்கத்தில் உட்காருவாள்.