டிவியில் வராத எங்க ஊரை யூடியூபில்தான் பார்த்தேன்

கேள்வி: டிவிக்கு மாற்றாக இணைய வீடியோ தளங்களுக்கு எப்போது, ஏன் மாறினீர்கள்?

இந்தக் கேள்விக்குப் பொதுவாக மூன்று காரணம் சொல்வார்கள். விளம்பரம் தாங்க முடியவில்லை, கேபிள் கட்டணம் ஏறிவிட்டது, நினைத்த நேரத்தில் பார்க்கலாம். மூன்றும் உண்மைதான். ஆனால் நான் மாறியது அவற்றுக்காக இல்லை. எங்கள் ஊர் வேலூர் மாவட்டத்தில் குடியாத்தம் பக்கம். வீட்டில் டிவி இருந்த அத்தனை வருடத்திலும் எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தை விடிய விடிய அதில் பார்த்ததில்லை. எங்கள் மாடு விடும் திருவிழாவை நேரலையில் பார்த்ததில்லை. இரண்டையும் எனக்குக் காட்டியது யூடியூப்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. எங்கள் ஊருக்குப் பஞ்சாயத்து டிவி வந்ததெல்லாம் அதற்கு வெகுகாலம் கழித்து. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பார்க்கக் கூடிய கூட்டத்தைப் பற்றி அப்பா இப்போதும் பேசுவார். 1993-ல் சன் டிவி, அதோடு கேபிள். 2006 தேர்தலுக்குப் பிறகு அரசு கொடுத்த கலர் டிவி, டிவி இல்லாத வீடுகளுக்கும் வந்தது. வேலூர் என்றால் அதில் மே மாத வெயில், கோட்டை, சி.எம்.சி. மருத்துவமனை, பிறகு ஸ்ரீபுரம் பொற்கோயில். பொங்கல் வந்தால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர். மதுரைக்காரர்களின் ஜல்லிக்கட்டை நானும் ஆசையாகத்தான் பார்ப்பேன். ஆனால் அதே நாட்களில் எங்கள் தெருக்களில் காளை ஓடிக்கொண்டிருக்கும். அது எந்த சேனலிலும் இருக்காது.

தெரியாதவர்களுக்காக: மாடு விடும் திருவிழாவில் யாரும் காளையின் திமிலைப் பிடித்துத் தொங்க மாட்டார்கள். தெருவின் இரண்டு பக்கமும் சவுக்குக் கட்டை கட்டி நடுவில் ஓடுபாதை விடுவார்கள். ஒரு முனையில் அவிழ்த்துவிட்ட காளை மறுமுனையிலுள்ள எல்லைக் கோட்டை எத்தனை விநாடியில் கடக்கிறது என்பதுதான் போட்டி. முதலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ஒரு விநாடிகூட வித்தியாசம் இருக்காது. ஒவ்வொரு காளைக்கும் ஒரு பெயர், அதற்கென்று ஒரு ரசிகர் கூட்டம். பொங்கலில் தொடங்கினால் மாசி, பங்குனி வரை ஊர் ஊராக நடக்கும்.

2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தபோது எங்கள் விழாவும் நின்றது. 2017 ஜனவரிப் போராட்டத்துக்குப் பிறகு வந்த தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம், ஜல்லிக்கட்டு என்பதற்குள் மஞ்சுவிரட்டு, வடமாடு, எருது விடும் விழா (எங்கள் மாடு விடும் திருவிழாதான்) மூன்றையும் சேர்த்துச் சொன்னது. இன்னொரு பக்கம், 2016 செப்டம்பரில் வந்த ஜியோ 2017 மார்ச் வரை டேட்டாவை இலவசமாகக் கொடுத்தது. திருவிழா திரும்பி வந்ததும் டேட்டா கைக்கு வந்ததும் ஒரே சமயத்தில் அமைந்துவிட்டன. அந்த சீசனில் எங்கள் பையன்கள் ஆளுக்கொரு போனோடு கட்டையில் ஏறி நின்றார்கள். அன்று சாயந்திரமே வீடியோ வந்தது. எந்தக் காளை, யாருடையது, எந்த ஊர், எத்தனை விநாடி என்று எல்லாம் எழுதியிருந்தது. நான் டிவியை விட்டு விலக ஆரம்பித்தது அங்கிருந்துதான்.

கூத்து விஷயம் இன்னும் பெரியது.

எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம், அதாவது மகாபாரதத் திருவிழா வைத்தால் பகலில் கதைப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. சாப்பிட்டு முடித்து பத்து மணிக்கு மேல் தொடங்கினால் விடிந்துதான் முடியும். இரண்டு பேர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் நின்று பாடி, பிறகு திரையை விலக்கிக்கொண்டு வேஷம் வெளியே வரும் அந்த நேரத்துக்காகவே தூக்கத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அர்ஜுனன் தபசு என்றால் நடிகர் உயரமான கம்பத்தில் நிஜமாகவே ஏறுவார். கடைசி நாள் காலையில் மண்ணால் செய்த துரியோதனன் தரையில் படுத்திருக்க, அவன் வீழும் படுகளம். யாராவது இறந்தால் காரியத்துக்கு முந்தின ராத்திரி, கர்ணன் இறக்கும் கதையான கர்ண மோட்சம் கூத்தை வைக்கும் வழக்கமும் உண்டு. சொந்தக்காரர் சாவில் வைத்த கர்ண மோட்சத்தைப் பார்த்து அழுத பெண்களை எனக்குத் தெரியும். அவர்கள் அழுதது கர்ணனுக்காக மட்டும் இல்லை.

இதை டிவி ஏன் காட்டவில்லை என்று கோபப்பட்டுப் பயன் இல்லை. டிவி வேலை செய்யும் விதம் அப்படி. ஒரு நாளை அரை மணி, ஒரு மணி என்று வெட்டி, அந்தத் துண்டுக்கு விளம்பரம் வாங்கி ஓடும் தொழில் அது. எட்டு மணி நேரக் கூத்துக்கு அதில் எங்கே இடம்? தூர்தர்ஷன் நாட்டுப்புறக் கலை என்று கொஞ்ச நேரம் காட்டும். அதற்குள் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வந்து வணக்கம் சொல்லி முடிப்பதே கஷ்டம். தனியார் சேனல்கள் நம்புவது, மாதிரிக்காகத் தேர்ந்தெடுத்த சில வீடுகளில் வைத்த மீட்டர் தரும் பார்வையாளர் கணக்கை. இரண்டு மூன்று மாவட்டத்தில் சில ஆயிரம் பேர் உயிராக நேசிக்கும் ஒன்று அந்தக் கணக்கில் தெரியவே தெரியாது. யூடியூபில் இருநூறு பேர் பார்த்தாலும் வீடியோ அங்கேயே இருக்கும். அடுத்த நிகழ்ச்சிக்காக யாரும் அதை எடுத்துவிட மாட்டார்கள்.

அங்கேயும் இந்த வசதி உடனே வந்துவிடவில்லை. யூடியூப் தொடங்கியது 2005-ல். 2006 முதல் ஒரு வீடியோவுக்குப் பத்து நிமிடம்தான் அனுமதி. 2010 ஜூலையில் அது 15 நிமிடமானது, அதே வருடம் டிசம்பரில் விதிகளை மீறாத சில கணக்குகளுக்கு அந்த எல்லையும் போனது. இன்று கணக்கைச் சரிபார்த்திருந்தால் ஒரு வீடியோ 12 மணி நேரம் வரை போகலாம். முதல் திரையிலிருந்து விடியற்காலை மங்களம் வரை ஒரு முழு இரவுக் கூத்து வெட்டில்லாமல் அதில் அடங்குகிறது. என்னைப் பொறுத்தவரை, அந்தத் தளம் எங்கள் கூத்துக்குச் செய்த மிகப் பெரிய உதவி அந்த 12 மணி நேரம்தான்.

அப்பாவுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆன பிறகு தரையில் உட்கார முடியவில்லை. கூத்துக்குப் போவதே நின்றுவிட்டது. ஒருநாள் என் போனை டிவியோடு இணைத்து, ஆரணிப் பக்கம் நடந்த ஒரு கூத்தைப் போட்டுக் கொடுத்தேன். குட்டி நாதஸ்வரம் மாதிரியான முகவீணையின் சத்தம் கேட்டதுமே கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “டேய், அந்த அடவ இன்னொரு தபா போடுடா” என்றார். பின்னுக்குத் தள்ளிப் போட்டேன். அவர் வயதுக்கு எத்தனை கூத்து பார்த்திருப்பார்! ஒரு அடவை நிறுத்தித் திரும்பப் பார்த்தது அன்றுதான். மிருதங்கக்காரர் எங்கே வேகம் கூட்டுகிறார், வேஷக்காரர் அதை எப்படி வாங்கிக்கொள்கிறார் என்று எனக்கு விளக்கிச் சொன்னார். கூத்துப் பந்தலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் இதெல்லாம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

கேமரா வந்தால் கூத்துக்கு ஆள் வராது என்று பயந்தவர்கள் உண்டு. எங்கள் பக்கத்துக் கூத்து வாத்தியார் ஒருவர் என்னிடம் சொன்னது வேறு. வீடியோவுக்குக் கீழே ஜமாவின், அதாவது கூத்துக் குழுவின் போன் நம்பர் போடுகிறார்கள்; அதைப் பார்த்து இதுவரை போகாத ஊர்களிலிருந்து தாம்பூலம் கொடுத்துக் கூத்துக்கு ஒப்பந்தம் பேசக் கூப்பிடுகிறார்களாம். 2020-ல் கொரோனாவால் திருவிழா எல்லாம் நின்று கலைஞர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, ஊர் மக்கள் பார்த்ததும் முந்தைய வருட வீடியோக்களைத்தான். ஆனால் அந்தப் பார்வைகளால் ஆடியவருக்குச் சாப்பாடு கிடைத்ததா என்றால், பெரும்பாலும் இல்லை. பணம் வந்தாலும் அது வீடியோ போட்டவரின் கணக்குக்குத்தான் வரும். 2018-லிருந்து விளம்பரப் பணம் பார்க்கவே ஆயிரம் சந்தாதாரரும் ஒரு வருடத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். சின்ன சேனல்களுக்கு அதுவே மலை. வீடியோ எடுப்பவர்கள் ஜமாவோடு முதலிலேயே பேசி ஒரு பங்கு கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

என் வேலை சி.எம்.சி. பக்கத்தில் ஒரு லாட்ஜில். அங்கேயும் இதையே பார்க்கிறேன். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு என்று சிகிச்சைக்கு வருபவர்கள் வாரக்கணக்கில் தங்குவார்கள். முன்பெல்லாம் ரூம் டிவியில் பெங்காலி சேனல் வருமா என்று கேட்பார்கள். கேபிள்காரரிடம் சொல்லிச் சொல்லி ஒன்றிரண்டு வரும். இப்போது முதலில் கேட்பது வைஃபை பாஸ்வேர்டு. ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் ஒரு பெரியவர் தன் ஊர்க் கீர்த்தனையைப் போனில் கேட்டுக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். எங்கள் அப்பாவுக்குக் கிடைத்ததேதான் அவருக்கும் கிடைத்திருக்கிறது.

குறைகளும் உண்டு. 2020 செப்டம்பரில் ஷார்ட்ஸ் வந்த பிறகு கூத்தையும் அரை நிமிடமாக நறுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பெண் வேஷக்காரர் ஆடும் ஒரு துண்டு, கட்டியங்காரன் பேசும் கொச்சை வசனம் ஒன்று, அதோடு முடிந்தது. அதை மட்டும் பார்த்து வளரும் பிள்ளைக்குக் கூத்து என்றால் அவ்வளவுதான் என்று ஆகிவிடும். எனக்கு இது பெரிய கவலை. தானாக அடுத்த வீடியோ ஓடும் வசதியை வீட்டில் நிறுத்தி வைத்திருக்கிறேன். வேண்டியதைத் தேடித்தான் பார்ப்போம்.

தேடும்போது ஒன்று கவனியுங்கள். பழைய வட ஆற்காடு 1989-ல் பிரிந்து திருவண்ணாமலை தனியானது. 2019-ல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. வீடியோ போடுபவர் எந்த மாவட்டப் பெயரைப் போட்டிருப்பார் என்று சொல்ல முடியாது. ஊர்ப் பெயர், ஜமா பெயர், கூத்தின் பெயர் என்று தேடினால்தான் நல்லது கிடைக்கும். வாட்ஸ்அப்பில் வந்த துண்டைப் பார்ப்பதை விட அந்த சேனலுக்கே போய்ப் பாருங்கள், எடுத்தவர்களுக்கு அந்தப் பார்வை போய்ச் சேரும்.

கேபிளை வெட்டவில்லை. அம்மாவுக்கு சீரியல் வேண்டும், அவர் பார்க்கட்டும். எட்டரை மணிக்கு மேல் டிவி அப்பாவுக்கு.

கடைசியாக, எங்கள் பக்கத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். தொண்ணூறுகளில் கல்யாண வீடியோ எடுத்தவர்கள் ஊர்ப் பாரதத்தையும் வி.எச்.எஸ். கேசட்டில் எடுத்திருக்கிறார்கள். கோயில் தர்மகர்த்தா வீட்டுப் பரணில், ஸ்டுடியோ அலமாரியில் அவை இன்னும் கிடக்கும். அந்த வேஷக்காரர்களில் பலர் இன்று இல்லை. டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் பிளேயரில் போட்டுப் பார்க்காதீர்கள், டேப்பும் போகும், பிளேயரும் கெடும். சுத்தம் செய்து டிஜிட்டலாக மாற்றித் தரும் கடையில் கொடுங்கள். ஜமாவிடமோ அந்தக் குடும்பத்திடமோ கேட்டுவிட்டு முழுசாகப் போடுங்கள், யார் எந்த வேஷம், எந்த ஊர், எந்த வருடம் என்று கீழே எழுதுங்கள்.