ராமேஸ்வரத்தின் இரண்டு கடலுக்கும் ஒரே ட்வின்-டிப் பலகை போதுமா?

போதும்.

கேள்வியைப் படித்தாலே உங்கள் நிலைமை தெரிகிறது. சென்னையிலோ பெங்களூரிலோ வேலை, பெரிய பட்டம் (கைட்) இழுக்கப் பலகையில் நின்று கடலில் ஓடும் கைட் சர்ஃபிங்கில் மூன்று நாள் பயிற்சி, ஊர் திரும்பியதும் இணையத்தில் பலகை விலை பார்ப்பது. "பனிச்சறுக்கில் இரண்டு முனையும் வளைந்த ட்வின்-டிப் ஸ்கீ எல்லாப் பனிக்கும் சரிப்படும் என்கிறார்கள், கைட் பலகையிலும் அப்படித்தானா, அல்லது வடகடலுக்கு ஒன்று, தென்கடலுக்கு ஒன்று வாங்க வேண்டுமா" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்று போதாது என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார். அவர் பலகை விற்பவராக இருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை.

நான் பாம்பன்காரன். அப்பா வல்லத்தில், அதாவது மீன்பிடிப் படகில், தொழிலுக்குப் போனவர். நான் கைட்டுக்குக் காற்றடித்துக் கொடுக்கும் கரை வேலையில் சேர்ந்து, பார்த்துப் பார்த்துக் கற்று, இப்போது கற்றுக்கொடுக்கிறேன். என்னிடம் இருப்பது 138 செ.மீ. நீளமும் 41 செ.மீ. அகலமும் உள்ள பழைய பலகை ஒன்றுதான். விளிம்பில் எபாக்ஸி வைத்து அடைத்த தழும்பு இருக்கிறது. அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. இந்தப் பதில் இவ்வளவு நீண்டுபோவதற்கு அவர்களும் ஒரு காரணம்.

முதலில் ஸ்கீ. நான் பனியைத் தொட்டதில்லை. குளிர்காலத்தில் ஆல்ப்ஸ் மலையில் ஸ்கீ கற்றுக்கொடுத்துவிட்டுக் கோடையில் இங்கே வேலைக்கு வந்த பயிற்றுநர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். 1998-இல் சலமோன் நிறுவனத்தின் 1080 வந்த பிறகுதான் முன்னும் பின்னும் வளைந்த ஸ்கீ பரவலானது. குதித்துப் பின்பக்கமாக இறங்கலாம் என்பதே அதன் கவர்ச்சி. மெத்தென்ற புதுப்பனியில் ஓரளவு மிதக்கும். பலர் ஓடிக் கலைத்த பனியில் சமாளிக்கும். இறுகிப்போன பனியில் மட்டும், வால் தூக்கியிருப்பதால் தரையைத் தொடும் விளிம்பின் நீளம் குறைந்து, அதே நீளமுள்ள தட்டை வால் ஸ்கீயைவிடப் பிடிப்பு குறையும். எல்லாவற்றையும் சமாளிக்கும், எதிலும் முதலிடம் இல்லை.

கைட் பலகையின் கதை வேறு. ஸ்கீக்காரர் எப்போதாவதுதான் பின்பக்கமாகப் போகிறார். நாமோ வலப்புறம் கொஞ்ச தூரம், இடப்புறம் கொஞ்ச தூரம் என்று மாறி மாறித்தான் காற்றை எதிர்த்து மேலேற முடியும். தொடக்ககாலப் பலகைகளுக்கு சர்ஃப் பலகைபோல முன், பின் உண்டு. ஒவ்வொரு திருப்பத்திலும் கால் மாற்றியாக வேண்டும். இரண்டு முனையும் ஒன்றுபோல ஆனதும் அந்தத் தொல்லை போனது. ஸ்கீயில் அந்த வடிவம் ஒரு கூடுதல் வசதி. இங்கே ஓட்டத்தின் சரிபாதியே அதை நம்பித்தான் இருக்கிறது.

இனி நம் கடல். தனுஷ்கோடி மணல்திட்டு வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நீண்டு கிடக்கிறது. வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, வீசும்போது காற்று திட்டைக் குறுக்காகக் கடக்கிறது. தென்கடல் பக்கம், அதாவது மன்னார் வளைகுடாவில், அலை நேராகக் கரைக்கு வரும். திட்டைத் தாண்டி வடகடல் பக்கம், அதாவது பாக் விரிகுடாவுக்கு, வந்தால் அலை மணலில் தடுக்கப்பட்டுத் தண்ணீர் தட்டையாகக் கிடக்கும். மார்கழி, தை மாதங்களில் வடகிழக்கிலிருந்து வாடை வீசினால் எல்லாம் தலைகீழ். வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் கரையோரம் படியும். எந்தப் பலகை என்று யோசிப்பதற்கு முன் எந்தக் கரை என்று யோசியுங்கள்.

தட்டைத் தண்ணீரில் ட்வின்-டிப் ராஜா. முனைகளின் மேல்வளைவு, அதாவது ராக்கர், குறைவாக இருந்தால் சீக்கிரம் மேலெழும்பி ஓடும், விளிம்பு நீரை நன்றாகக் கடிக்கும், காற்றை எதிர்த்து ஏறும். அதே பலகையைச் சிற்றலை நிறைந்த தென்கடலுக்குக் கொண்டுபோனால் ஒவ்வொரு அலையிலும் அறைந்து விழும். முழங்கால் அன்றிரவு உங்களோடு பேசும். ராக்கர் கூடினால் அறை குறையும், ஆனால் வேகமும் ஏற்றமும் குறையும். விறைப்பும் இப்படித்தான்: விறைத்த பலகை உயரத் தூக்கி எறியும், வளையும் பலகை அடியைத் தாங்கும். அதனால் இரண்டிலும் நடுத்தரமாக வாங்குங்கள், கொந்தளிப்பில் முழங்காலை மடக்கி, விளிம்பின் அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்தி ஓட்டுங்கள். அலையின் முகத்தில் ஏறி இறங்கி விளையாட வேண்டும் என்றால் மட்டும் ட்வின்-டிப் சரிவராது. அதற்கு சர்ஃப் பலகைதான். உங்களுக்கு இன்னும் அந்தக் கட்டம் வரவில்லை.

ஃபாயில், அதாவது அடியில் நீண்ட தண்டும் அதன் முனையில் இறக்கையும் உள்ள பலகை, ஓட்டுபவர்கள் இந்த இடத்தில் சண்டைக்கு வருவார்கள். 2018 பியூனஸ் அயர்ஸ் இளையோர் ஒலிம்பிக்கில் கைட் போட்டி ட்வின்-டிப்பில் நடந்தது, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஃபாயிலுக்கு மாறிவிட்டது, ட்வின்-டிப்பின் காலம் முடிந்தது என்பார்கள். இருக்கட்டும். இடுப்பளவு தண்ணீரில் ஃபாயிலின் தண்டு மணலில் குத்தி நின்றால் ஆள் முன்னால் பறப்பார். ட்வின்-டிப்பின் அடியிலுள்ள துடுப்பு, அதாவது ஃபின், நான்கைந்து சென்டிமீட்டர்தான். கடல்தாழை சுற்றினால் கையால் உருவிவிட்டுப் போகலாம்.

அளவு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மூன்று பலகைகளோடு ஒருவர் வந்தார். ஒரு கச்சான் நாள் பிற்பகல், வடகடல் கண்ணாடி மாதிரி இருந்தது. அவர் எடுத்தது 132 செ.மீ. விறைத்த பலகை, வீடியோக்களில் பார்த்தது. "காற்று மாலையில் இறங்கும் சார், பெரியதை எடுங்கள்" என்றேன். கைப்பேசியில் இருபது நாட் காட்டுகிறது என்றார். தெற்கே வானத்தைப் பார்த்தால் போதும், காற்று இறங்கப்போவது எங்களுக்குத் தெரியும். கைப்பேசிக்கு இருக்கிற மரியாதை எங்கள் கண்ணுக்கு இல்லை.

காற்று இறங்கியது. சின்னப் பலகை மேலெழும்பவில்லை, ஆள் மூழ்கி மூழ்கி நின்றார், கைட் தண்ணீரில் விழுந்தது. மறுபடி எழுப்பவும் காற்று வேண்டுமே. வடகடலில் கச்சான் கரையிலிருந்து கடலுக்குள் வீசும் காற்று. நீவாடும், அதாவது கடல் நீரோட்டமும், சேர்ந்து அவரை இழுத்துக்கொண்டு போனது. என் மச்சான் வல்லத்தை எடுத்துப் போய்த் தூக்கி வந்தான். கரை ஏறியதும் அவர் சொன்னது: "இந்தப் பலகை உங்கள் கடலுக்கு ஒத்துவரவில்லை." மறுநாள் கிட்டத்தட்ட அதே காற்றில் என் தழும்புப் பலகையைக் கொடுத்தேன். புறப்பட்ட இடத்துக்கு மேலேயே ஏறி வந்தார். இன்று காற்று நன்றாக இருக்கிறது என்றார். மச்சான் டீசலுக்குப் பணம் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை.

அதே ஆள் அன்று மாலை தனுஷ்கோடிக்குப் போய், இடிந்த தேவாலயத்தின் முன் நின்று "பேய் நகரம்" என்று வீடியோ போட்டார். 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை போட்டதிலிருந்து இந்தப் பேய்க் கதை ஓயவில்லை. 1964 டிசம்பர் புயலில் போன ஊர் அது, வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்த ஊர், எல்லாம் சரி. ஆனால் கொட்டகை போட்டுக்கொண்டு இன்றும் அங்கே வலை இழுப்பவர்கள் இருக்கிறார்கள். வீடியோவின் ஓரத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும் பெண்மணி எந்தக் கணக்கில் பேய்? உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும்.

நான் எந்தப் பயிற்சி நிலையத்துக்கும் விளம்பரம் செய்யவில்லை, எந்த நிறுவனத்தின் பலகையையும் சொல்லவில்லை. வலுத்த காற்றில் மட்டுமே ஓட்டும் தேர்ந்தவர்களுக்குச் சின்னப் பலகை பிடிக்கும். அவர்களோடு எனக்கு வழக்கில்லை. எழுபது, எழுபத்தைந்து கிலோ உள்ள தொடக்கக்காரருக்கு 138 முதல் 142 வரை என்பது என் கணக்கு. எடை கூடினால் பலகையும் கூட வேண்டும். பழையதாக வாங்கினால் விளிம்பு முழுக்க நகத்தால் தடவிப் பாருங்கள்: விரிசல் இருந்தால் உப்புத்தண்ணீர் உள்ளே போய் நடுவிலுள்ள மரம் ஊதியிருக்கும். ஃபின் திருகுகளைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். துருப்பிடித்து இறுகியிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். உங்கள் எடையையும், வைகாசியில் வருகிறீர்களா தையில் வருகிறீர்களா என்பதையும் கருத்தில் எழுதினால் எந்த அளவு கைட் சரிப்படும் என்று சொல்கிறேன்.