ஆண்டுகள் மனசில் நிற்கவில்லையா? ஜமாபந்தியில் தொடங்குங்கள்

கேள்வி: பாலக்கோட்டிலிருந்து எழுதுகிறேன். குரூப் 2 முதன்மைத் தேர்வுக்குப் படிக்கிறேன். நவீன இந்திய வரலாற்றின் திருப்புமுனைகள் எவை என்றால் 1857, 1885, 1905, 1919, 1935 என்று ஒப்பித்துவிடுவேன். அது ஏன் திருப்புமுனை என்று கேட்டால் நாலு வரி எழுத வருவதில்லை. பத்து நாளில் ஆண்டுகளும் குழம்பிவிடுகின்றன. எப்படிப் படிப்பது?

பதில்: ஒவ்வோர் ஆண்டையும் பார்த்து ஒரே கேள்வியைக் கேளுங்கள்: அதற்கு முன் வரி யார் கைக்குப் போனது, சட்டம் போட்டது யார், பிறகு அதில் என்ன மாறியது? பதில் இருந்தால் அது திருப்புமுனை. இல்லையென்றால் வெறும் சம்பவம்.

பழகிப் பார்க்க உங்கள் தாலுகா ஆபீஸே போதும். வருஷா வருஷம் அங்கே ஜமாபந்தி, அதாவது கிராம நிலவரிக் கணக்குகளின் தணிக்கை, நடக்கும். வி.ஏ.ஓ.க்கள் அந்தப் பசலியின் (வருவாய் ஆண்டின்) கணக்குகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து அடுக்க, வாசலில் பட்டா மாற்ற மனுவோடு கூட்டம் நிற்கும். அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டே 1792-க்குப் போய்விடலாம்.

அந்த ஆண்டு மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை. திப்பு சுல்தான் பாதி நாட்டை விட்டுக்கொடுத்தார், 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தர ஒப்புக்கொண்டார், இரண்டு மகன்களைப் பிணையாக அனுப்பினார். கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போன பகுதிகளில் ஒன்று பாராமகால், அதாவது நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம். நிர்வாகம் பார்க்க கேப்டன் அலெக்சாண்டர் ரீடு வந்தார். அவருடைய உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. மறு ஆண்டு, 1793-ல், காரன்வாலிஸ் வங்காளத்தில் நிரந்தர நிலவரித் திட்டத்தைக் கொண்டுவந்து ஜமீன்தாரிடம் வசூலை விட்டார். இங்கே ரீடும் மன்றோவும் நிலத்தை அளந்து, குடியானவன் பேரிலேயே தீர்வை (நிலவரி) போட்டார்கள். மன்றோ 1820-ல் சென்னை கவர்னரானதும் அந்த ரயத்துவாரி முறை மாகாணம் முழுக்கப் பரவியது. ‘ஜமீன்தாரி, ரயத்துவாரி வேறுபடுத்துக’ என்ற கேள்விக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. ஆனால் மன்றோவை வள்ளலாக்கி எழுதிவிடாதீர்கள். இடைத்தரகர் போனாரே தவிர, தீர்வை பளுவாகத்தான் இருந்தது.

தேர்வில் மாட்டிவிடும் ஒரு பொறியும் உண்டு. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் 1792-ல் கைமாறவில்லை. திப்பு இறந்த பிறகு, 1799-ல்தான் கம்பெனிக்கு வந்தது. இன்றைய ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு ஆண்டுகள்!

1857-ஐ எல்லோரும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். என் கணக்கில் அதைவிடக் கனமானது 1858: கம்பெனி போய், அரசியாரின் நேரடி ஆட்சி வந்தது. சண்டைக் காட்சிகளை இரண்டு வரியில் முடித்துவிட்டு அங்கே வாருங்கள்.

1905-க்குப் பாப்பாரப்பட்டி போய் வாருங்கள், உங்களுக்குப் பக்கம்தான். கர்சன் வங்காளத்தைப் பிரித்ததால் எழுந்த சுதேசி அலை தூத்துக்குடி வரை வந்து, 1908-ல் வ.உ.சி.யோடு சுப்பிரமணிய சிவாவையும் சிறைக்கு அனுப்பியது. சிறையில் சிவாவைத் தொழுநோய் பற்றியது. கடைசியில் பாப்பாரப்பட்டிக்கு வந்து, பாரத மாதா கோயில் கட்ட வேண்டும் என்று அலைந்தார். 1923-ல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23-ல் சிவா அங்கேயே கண்மூடினார். ஒரு மனிதரின் வாழ்க்கையில் 20 வருஷ வரலாறு.

நான் நிறைய நேரம் செலவிடச் சொல்வது 1937-ல். 1935 சட்டம் மாகாணங்களுக்குத் தன்னாட்சி தந்தது. 1937 தேர்தலில் ஜெயித்த காங்கிரஸ் சென்னையில் அமைச்சரவை அமைத்தது. தலைமை ஏற்ற ராஜாஜி, ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தவர். அதே ஆண்டு அக்டோபர் 1-ல் அவர் மதுவிலக்கைத் தொடங்கியது சேலம் மாவட்டத்தில். அப்போது தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேலத்துக்குள் இருந்தன. சாராய வருமானம் போயிற்று, கஜானாவில் ஓட்டை. அதை அடைக்க 1939-ல் வந்தது பொது விற்பனை வரி. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி.க்குள் கரைந்துபோன மாநில விற்பனை வரிக்கு முன்னோடி அதுதான். அதே 1939-ல், இந்தியர்களைக் கேட்காமலே வைஸ்ராய் நாட்டைப் போரில் இறக்கினார். அமைச்சரவை ராஜினாமா செய்தது. தன்னாட்சியின் கயிறு எவ்வளவு நீளம் என்பது அதில் தெரிந்துவிடும்.

1947-ஐயும் 1950-ஐயும் குழப்பாதீர்கள். 1947-க்குப் பிறகும் கவர்னர் ஜெனரல் பதவி இருந்தது. கடைசியாக அதில் இருந்தவரும் ராஜாஜிதான். 1950 ஜனவரி 26-ல் அந்தப் பதவியே போய், குடியரசுத் தலைவர் வந்தார். 1991-ன் பொருளாதாரத் தாராளமயத்துக்கு ஓசூர் தொழிற்பேட்டையை உதாரணம் காட்டுகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். வேண்டாம், அது 1970-களிலேயே வந்தாயிற்று.

இனி ஒரு நோட்டை எடுங்கள். இடப்பக்கம் ‘முன்’, வலப்பக்கம் ‘பின்’. முதலில் 1919-ஐ எழுதிப் பாருங்கள்: இரட்டை ஆட்சியில் கல்வியும் சுகாதாரமும் இந்திய அமைச்சர்களிடம் வந்தன, நிதியும் போலீசும் கவர்னர் கையிலேயே இருந்தன. இதைப் புத்தகம் பார்க்காமல் எழுத வந்துவிட்டால், அதே பக்கத்தில் கீழே 1935-ஐ எழுதுங்கள்.