குட்டு மாவு கசந்தால் கையைக் குறை சொல்லாதீர்கள்

போன மாதம் பக்வீட் (வடக்கே குட்டு என்பார்கள்) மாவில் பான்கேக் செய்முறையை எழுதினாலும் எழுதினேன், வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். "செய்தேன், சரியாக வரவில்லை, ஏன்?" என்று ஒரே வரியில் கேட்ட மூன்று பேர் மன்னிக்கவும். எவ்வளவு மாவு, எவ்வளவு தண்ணீர், என்ன கல் என்று எழுதாமல் நான் என்ன ஜோசியமா பார்ப்பது?

கோதுமை தோசைக்குக் கரைப்பதுபோல்தான் கரைத்தேன். கல்லில் ஒட்டிக்கொண்டு பிய்ந்து பிய்ந்து வருகிறது. (மதுரை)

கோதுமை தோசைபோல் கரைத்ததுதான் தவறு. கோதுமையில் குளூட்டன் என்ற ஒட்டும் புரதம் இருக்கிறது, கரைத்த கையோடு ஊற்றினாலும் பிடித்துக்கொள்ளும். பக்வீட்டில் குளூட்டன் கிடையாது. மாவு தண்ணீரைக் குடித்து, லேசாக வழவழப்பு ஏறினால்தான் கல்லை விட்டு முழுசாக எழும்பும்.

250 கிராம் மாவுக்கு அரை லிட்டருக்குச் சற்று மேலே தண்ணீர், ஒரு டீஸ்பூன் உப்பு. முதலில் பாதித் தண்ணீர் மட்டும் விட்டுக் கெட்டியாகக் கரைத்து, மரக்கரண்டியால் ஐந்து நிமிடம் நன்றாக அடியுங்கள். மைதா பான்கேக்கை அடித்தால் ரப்பராகிவிடும், இதில் அந்தப் பயம் இல்லை. அப்புறம் மீதித் தண்ணீரை விட்டுக் கலக்கி, மூடி ஃப்ரிட்ஜில் ராத்திரி முழுக்க வையுங்கள். அவசரம் என்றால் இரண்டு மணி நேரமாவது. காலையில் மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். அதைக் கொட்டிவிடாமல் அடியோடு கலக்குங்கள். ஆப்ப மாவுப் பதம் இருந்தால் போதும்.

கல் நன்றாகக் காய வேண்டும். தெளித்த தண்ணீர் உட்கார்ந்து கொதிக்கக் கூடாது, உருண்டு ஓட வேண்டும். அரை வெங்காயத்தை நல்லெண்ணெயில் தொட்டுத் தேய்த்துவிட்டு ஊற்றுங்கள். ஓரம் தானாகச் சுருண்டு எழும்பும் வரை தோசைத் திருப்பியைக் கையில் எடுக்காதீர்கள். முதல் ஒன்று எப்படியும் பிய்யும், அது கல்லுக்கு.

எங்கள் ஊர் உணவகம் ஒன்றில் 'கலெட்' என்று சாம்பல் நிறத்தில் கொடுத்தார்கள். அதுவும் க்ரெப்பும் ஒன்றுதானா? (புதுச்சேரி)

பிரான்சின் வடமேற்கு மூலையில் இருக்கும் பிரித்தானிப் பகுதியின் பலகாரம் அது (பிரிட்டன் அல்ல, ஒருவர் அப்படியும் எழுதியிருக்கிறார்). பொதுவாக, பக்வீட் மாவில் உப்போடு சுடுவது கலெட். கோதுமை மாவு, பால், முட்டை சேர்த்து இனிப்புக்குச் சுடுவது க்ரெப். ஆனால் பிரித்தானியின் மேற்குப் பக்கம் போனால் பக்வீட்டில் சுட்டதையும் க்ரெப் என்றே சொல்வார்கள், சண்டைக்குப் போகாதீர்கள். பிலிக் என்ற வட்டமான வார்ப்பிரும்புக் கல்லில் ஊற்றி, மரத்தால் ஆன சின்ன 'டி' வடிவக் கட்டையால் இழுத்துவிடுவார்கள். நடுவில் முட்டை, துருவிய சீஸ், பன்றித்தொடைக் கறி வைத்து நாலு பக்கமும் மடித்தால் முட்டையின் மஞ்சள் மட்டும் எட்டிப் பார்க்கும். கறி வேண்டாம் என்றால் காளான் வதக்கி வையுங்கள். சாம்பல் நிறமும் கறுப்புப் புள்ளியும் மாவின் இயல்பு. வெள்ளையாக வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

பாக்கெட் மாவில் செய்தேன், ஒரே கசப்பு. சர்க்கரை கூட்டியும் போகவில்லை. என் கைப்பக்குவத்தில் என்ன குறை? (சென்னை)

உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை. மாவு எப்போது வாங்கியது என்று நீங்கள் எழுதவில்லை, அதுதான் குறை. யாருமே எழுதுவதில்லை.

முழுத்தானிய மாவு என்றால் முளையும் தவிடும் சேர்ந்து அரைபட்டது. அதில் எண்ணெய்ச் சத்து உண்டு. அரைத்த நிமிடத்திலிருந்து காற்று பட்டுக் காற ஆரம்பிக்கும். நம் ஊர் வெயிலில் சமையலறை அலமாரியில் வைத்தால் அது இன்னும் வேகமாக நடக்கும். மைதாவைப் போட்டுவைப்பதுபோல் இதையும் டப்பாவில் போட்டு மேல் தட்டில் தள்ளிவிட்டு, நாலு மாதம் கழித்து விருந்தாளி வரும்போது எடுத்தால் கசக்காமல் என்ன செய்யும்?

ஒரு சிட்டிகை மாவை உள்ளங்கையில் போட்டு, ரெண்டு சொட்டு வெந்நீர் விட்டு, விரலால் தேய்த்து முகர்ந்து பாருங்கள். நல்ல மாவில் மழை பெய்த மண்ணும் வறுத்த கடலையும் கலந்தாற்போல ஒரு வாசம் வரும். காறிய மாவில் போன தீபாவளிக்கு முறுக்கு சுட்டு எடுத்துவைத்த எண்ணெயின் வாடை வரும். அதற்குமேல் ஆராய்ச்சி வேண்டாம், கொட்டிவிடுங்கள். சர்க்கரை போட்டு மறைக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

வடக்கே நவராத்திரி விரதத்துக்குக் குட்டு மாவுப் பூரி சாப்பிடுவார்கள். விரதம் முடிந்தால் அந்த மாவை யாரும் சீண்டுவதில்லை. மீந்தது அடுத்த விரதம் வரை மூட்டையில் கிடந்து மறுபடி கடைக்கு வந்தால் என்ன ஆகும்? 2011-இல் டெல்லியில் குட்டு மாவுப் பலகாரம் சாப்பிட்டு நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதற்குப் பிறகும் விரதக் காலத்தில் அப்படிச் செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. இங்கே நம் கடைகளில் விற்பனை அதைவிடக் குறைவு. தட்டில் தூசி படிந்த பாக்கெட்டை நாமே போய் எடுத்து வருகிறோம்.

நானும் ஒரு முறை ஏமாந்தேன். தள்ளுபடி என்று ரெண்டு கிலோ வாங்கி, தேதியைப் பார்க்காமல் எட்டுப் பேருக்குச் சுட்டு, முதல் வாயிலேயே எல்லோரும் தண்ணீர் டம்ளரைத் தேடினார்கள். அன்றைக்கு உப்புமாதான். ஆகவே பாக்கெட்டைப் படியுங்கள், அரைகிலோவுக்கு மேல் வாங்காதீர்கள், பிரித்த தேதியை மேலே எழுதி ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஃப்ரிட்ஜில் ரெண்டு மூன்று மாதம் தாங்கும்.

இன்னொரு சாத்தியமும் உண்டு. இமயமலைப் பக்கம் விளையும் டார்டரி பக்வீட் பிறவியிலேயே கசப்பு. நனைந்ததும் இன்னும் கூடும். பாக்கெட்டில் அந்தப் பெயர் இருந்தால் அது பழசு என்று அர்த்தமில்லை. படியுங்கள் என்று அதற்காகவும்தான் சொல்கிறேன்.

பெயரிலேயே 'வீட்' இருக்கிறதே, கோதுமை ஒத்துக்கொள்ளாத மகனுக்குக் கொடுக்கலாமா? (கோவை)

பெயரை விடுங்கள். பீச் (beech, பழம் தரும் peach அல்ல) மரத்துக் கொட்டைபோல் மூன்று மூலையாக இருப்பதால் டச்சுக்காரர்கள் வைத்த பெயர் அது. கோதுமைக்கு இது உறவே இல்லை, சுக்கான்கீரைக்குத்தான் உறவு. தனி பக்வீட்டில் குளூட்டன் இல்லை. ஆனால் பாக்கெட்டைப் படியுங்கள்! 'பக்வீட் பான்கேக் மிக்ஸ்' என்று பெரிதாகப் போட்டு, உள்ளடக்கத்தில் முதல் பெயராகக் கோதுமையோ மைதாவோ இருக்கும். செலியாக் (குளூட்டன் குடலைப் பாதிக்கும் நோய்) உள்ள பிள்ளை என்றால், கோதுமையும் அரைக்கிற அதே மில்லில் அரைத்த மாவும் ஆகாது. சிலருக்குப் பக்வீட்டே கடுமையான ஒவ்வாமை தரும். அதனால்தான் ஜப்பானில் உணவுப் பாக்கெட்டில் அதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். டாக்டரைக் கேட்டுவிட்டு, முதல் தடவை ஒரு துண்டு மட்டும் கொடுங்கள்.

முழு பக்வீட்டை ஊறப்போட்டால் வெண்டைக்காய்போல் வழவழக்கிறது. கெட்டுவிட்டதா? (டொராண்டோ)

இல்லை. ஒரு தடவை அலசிவிட்டு அரையுங்கள். போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டாம், அந்த வழவழப்புதான் மாவைச் சேர்த்துப் பிடிக்கிறது. நாலு மணி நேரம் ஊறினால் போதும். வெளிர்பச்சையாக இருப்பதை வாங்குங்கள். ரஷ்யக் கடையில் பழுப்பாக இருப்பது வறுத்தது, கஞ்சிக்கு அருமை, இதற்கு ஆகாது.

கறுப்புத் தோலோடு வாங்கிவிட்டேன், மிக்ஸியில் அரைக்கலாமா? (சேலம்)

அது உமி. நெல்லை அப்படியே அரைப்பீர்களா?

சர்க்கரை நோய்க்கு நல்லது என்கிறார்கள். எத்தனை வேண்டுமானாலும் சாப்பிடலாமா? (திருச்சி)

யார் சொன்னது? 100 கிராம் மாவில் ஏறக்குறைய 70 கிராம் மாவுச்சத்துதான். புரதம் 12, 13 கிராம், நார்ச்சத்து 10 இருப்பதால் வெள்ளை அரிசி தோசைக்குப் பரவாயில்லை, அவ்வளவுதான். இரண்டு சாப்பிடுங்கள், மேலே தேனை ஊற்றாதீர்கள்.

உப்பலாக வரட்டும் என்று சோடா கூடுதலாகப் போட்டேன். மஞ்சளும் பச்சையுமாக, சோப்பு வாசத்தோடு வந்தது. (ஈரோடு)

வரும். ஒரு கப் மாவுக்கு அரை டீஸ்பூன், அதுவும் புளித்த மோரில் கரைத்தால் மட்டும். புளிப்பில்லாமல் சோடா போடாதீர்கள்.

உளுந்து சேர்த்துப் புளிக்க வைக்கலாமா? (யாழ்ப்பாணம்)

நாலுக்கு ஒன்று உளுந்து, கொஞ்சம் வெந்தயம். அரிசி மாவைவிடச் சீக்கிரம் பொங்கும், வெயில் காலத்தில் ஐந்து மணி நேரத்தில் பாருங்கள். தோசை வரும். இட்லி வராது.

முட்டை சேர்க்காமல்? (திருநெல்வேலி)

மதுரைக்காரருக்குச் சொன்னதில் முட்டை எங்கே இருக்கிறது?

கரைத்த மாவு மீந்தால் எத்தனை நாள் வைக்கலாம்? (தஞ்சாவூர்)

ஃப்ரிட்ஜில் இரண்டு நாள். மூன்றாம் நாள் முகர்ந்து பார்த்துவிட்டு எனக்குக் கடிதம் எழுத வேண்டாம், கொட்டிவிடுங்கள்.