செங்கல் பாதைக்கு வாட்டம்: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்

இருபது வருஷத்துக்கு மேல் கொத்து வேலை பார்க்கிறேன். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. அதனால் பாதையில் வாட்டம், அதாவது தண்ணீர் வடியும் சரிவு, தப்பினால் வருஷத்துக்கு இரண்டு தடவை அவதிதான்.

தக்கலையிலிருந்து ஒரு அக்கா: சுவரை ஒட்டி 4 அடி அகலத்தில் பாதை போடுகிறோம். எவ்வளவு வாட்டம் வைக்க?

4 அடிக்கு 1 அங்குலம் அக்கா, சுவர்ப் பக்கம் மேடு, தோட்டத்துப் பக்கம் தாழ்வு. மீட்டர் கணக்கில் 1 மீட்டருக்கு 2 செ.மீ. இதைவிடக் குறைத்தால் செங்கல்லின் சொரசொரப்பிலும் இடுக்கிலுமே தண்ணீர் தங்கிவிடும், ரொம்பக் கூட்டினால் வயசானவர்களுக்கு நடக்கும்போது கால் சாயும். கண் மட்டத்தை மட்டும் நம்ப வேண்டாம். 4 அடி நேரான பலகையின் ஒரு முனையைச் சுவர்ப் பக்கம் வையுங்கள், தோட்டத்துப் பக்க முனைக்கு அடியில் 1 அங்குலக் கட்டையைக் கொடுத்து மேலே ரசமட்டம் வையுங்கள். குமிழ் நடுவில் நின்றால் வாட்டம் சரி. இரண்டு அடிக்கு ஒரு இடம் இப்படிப் பாருங்கள்.

மார்த்தாண்டம் தம்பி: போட்டு ஒரு வருஷம்தான் ஆச்சு, இப்போ சுவர் ஓரமாகத் தண்ணீர் கெட்டி நிக்குது. கல்லைத் தூக்கி மணல் போட்டு நிமிர்த்தினேன், மறுபடியும் தாழ்ந்துட்டு.

தம்பி, தப்பு மணலுக்கும் கீழே இருக்கிறது. அஸ்திவாரத்துக்குத் தோண்டின பள்ளத்தில் சுவர் ஏறினதும் மிச்ச இடத்தைக் கிடைத்த மண்ணால் மூடிவிடுவோம், பெரும்பாலும் யாரும் அதைச் சரியாக இடித்து இறுக்குவதில்லை, அந்த மண் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும். அதனால்தான் வீட்டை ஒட்டின பாதை சுவரைப் பார்த்தே சாய்கிறது. என் சொந்த வீட்டிலேயே அவசரப்பட்டு இந்தத் தப்பைச் செய்து, அடுத்த மழைக்குள் முழுப் பாதையையும் பிரித்தேன், உள்சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம், அதாவது ஈரம், ஏறியிருந்தது. நீங்களும் பிரித்துத்தான் ஆகணும். தளர்ந்த மண்ணை எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக நனைத்துப் போட்டு, திமிசுக்கட்டையால் இடித்து, அந்த மண்ணிலேயே வாட்டத்தை வெட்டுங்கள். மேலே சரள் 4 அங்குலம், அதே வாட்டத்தில் இடித்தது. மணல் 1 அங்குலம் போதும், எங்கேயும் ஒரே கனம். பள்ளத்தை மணலால் ஈடு கட்டினால் அந்த இடம்தான் முதலில் இறங்கும்.

குளச்சல்: எங்க ஊர் மணல் பூமி, தண்ணீர் தானே உறிஞ்சிடும். வாட்டம் வேணுமா?

வேணும். உறிஞ்சுகிற தண்ணீர் சுவரடியில்தான் இறங்கும். அதோடு ஓரக்கல்லைச் சிமெண்டில் உறுதியாகப் பதியுங்கள், இல்லையென்றால் அடிமணல் பக்கவாட்டில் ஒழுகிப் பாதை விரிந்துவிடும். அரைவேக்காட்டுக் கல் உப்புக்காற்றில் பொரிந்து உதிரும், இரண்டு கல்லைத் தட்டினால் கணீரென்று கேட்கணும்.

பூதப்பாண்டி அண்ணாச்சி: பழைய பாதைக்கு மேலேயே புதுசாக அடுக்கலாமா?

பேஸ்மட்டத்து ஓதத் தடுப்புப் பூச்சுக்கு 6 அங்குலமாவது கீழே பாதை நிற்குமானால் பார்க்கலாம். பெரும்பாலும் நிற்காது, பழசைப் பெயர்த்துவிடுங்கள் அண்ணாச்சி.

குலசேகரம்: ஓட்டு வீடு, இறவாரத் தண்ணீர் முழுக்கப் பாதையில் விழுகிறது.

1000 சதுர அடிக் கூரையில் 5 செ.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 4,600 லிட்டர் தண்ணீர், அதை எந்தப் பாதையும் தாங்காது, விழுகிற இடத்தில் இடுக்கு மணலை அரித்துக் கல்லை ஆட்டிவிடும். இறவாரத்தில் தகரப் பாத்தி கட்டி, குழாயைப் பாதைக்கு அடியில் கொண்டுபோய் தென்னை மூட்டில் விடுங்கள். பக்கத்து வீட்டு மதிலைப் பார்த்துத் திருப்ப வேண்டாம், அந்தச் சண்டைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கருங்கல்: கொத்தனார் நாளைக்கு முடிக்கிறார். சரியா என்று எப்படிப் பார்க்க?

இடுக்கில் மணல் நிரப்பும் முன்பே பாருங்கள். நீளப் பலகையைப் பாதையின் குறுக்கே வாட்டத்தோடு நகர்த்திக்கொண்டே வாருங்கள், அடியில் வெளிச்சம் தெரிகிற இடம் பள்ளம். மணல் நிரப்பினதும் ஒரு வாளித் தண்ணீரைச் சுவரோரமாக ஊற்றுங்கள், தண்ணீர் தோட்டத்தைப் பார்த்து ஓடணும். எங்கேயாவது ஒற்றை ரூபாய் நாணயம் மூழ்குகிற அளவு தேங்கினால், கொத்தனார் கரண்டியைக் கழுவும் முன்னே அந்த நாலு கல்லை எடுத்துச் சரிசெய்யச் சொல்லுங்கள்.