ஆலைப் புகையில் என்ன, எவ்வளவு வெளியேறுகிறது என்று எப்படிக் கண்காணிக்கிறார்கள்?

முதலில் புகைபோக்கியிலேயே அளப்பார்கள். அதில் பொருத்திய கருவி சல்பர் டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், தூசு ஆகியவற்றின் செறிவை நாள் முழுக்கப் பதிவு செய்யும். இதில் ஒரு தில்லுமுல்லுக்கு இடமுண்டு: வெளிக்காற்றைக் கலந்துவிட்டால் செறிவு குறைந்து, ஆலை சுத்தமானதுபோல் தெரியும். வெளிக்காற்று கலந்தால் ஆக்சிஜன் கூடிக் காட்டிக்கொடுக்கும்; அதனால்தான் ஆக்சிஜனையும் சேர்த்து அளந்து கணக்கைத் திருத்துகிறார்கள். புகை வெளியேறும் வேகமும் வேண்டும். அப்போதுதான் மணிக்கு எத்தனை கிலோ என்று சொல்ல முடியும்.

சரி, வால்வு, குழாய் இணைப்புகளில் கசிவது? அதற்கு, கண்ணுக்குத் தெரியாத வாயுவைக் காட்டும் அகச்சிவப்புக் கேமரா. காற்றிலுள்ள வாயுக்களை விண்ணிலிருந்து அளக்க 2017-ல் ஏவப்பட்ட சென்டினல்-5பி செயற்கைக்கோளும் உதவும். ஆனால் பொதுவாகப் பிற்பகலில் ஒருமுறைதான் கடக்கும், மேகம் மறைத்தால் அதுவும் போச்சு. இரவில் திறந்துவிடும் புகையைப் பிடிக்க, வேலியோரக் கருவியின் அளவுகளைக் காற்றின் திசையோடு ஒப்பிடுவதைத்தான் நான் அதிகம் நம்புவேன்.